யோசனைக் கூட்டம்: உங்கள் குழுவுக்கு எந்த முறை பொருந்தும்?

விளம்பர நிறுவனம், பத்திரிகை அலுவலகம், அனிமேஷன் ஸ்டுடியோ, யூடியூப் சேனல் என எங்கே வேலை பார்த்தாலும், படைப்புக் குழுக்களை நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. “எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுகிறோம். பலகை நிறைய எழுதுகிறோம். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், முதல் பத்து நிமிடத்தில் பெரியவர் சொன்ன யோசனைதான் மிஞ்சுகிறது. கூட்டத்தையே நிறுத்திவிடலாமா, வேறு விதமாக நடத்த வேண்டுமா?”

கூட்டம் வேண்டும். அதை நடத்த ஒரே வழிதான் உண்டு என்று நினைத்துக்கொள்வதால் வரும் சலிப்பு இது. குறைந்தது ஐந்து முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தீர்த்துவைக்கத் தெரிந்த கோளாறு ஒன்று உண்டு. மற்றக் கோளாறுகளில் அது கைவிட்டுவிடும். ஆகவே முறையைத் தேர்ந்தெடுக்கும் முன், உங்கள் அறையில் யோசனைகள் எந்த இடத்தில் சாகின்றன என்று பாருங்கள். வாய் திறக்கப்படாமலேயே சாகின்றனவா? தன் முறை வருவதற்குள் மறந்துபோகின்றனவா? எழுதப்பட்ட பிறகு, யாரும் திரும்பிப் பார்க்காமல் பலகையோடு சேர்த்துத் துடைக்கப்படுகின்றனவா?

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், அறையிலேயே இளையவரின் யோசனை வெளியே வருகிறதா என்பது. நம் ஊர் அலுவலகங்களுக்கு இதைத்தான் முதலில் வைப்பேன். வயதுக்கும் பதவிக்கும் மரியாதை கொடுத்துப் பழகிய இடத்தில், “சார் சொன்னதே நன்றாக இருக்கிறது” என்ற ஒரு வாக்கியம் நான்கு யோசனைகளை மூடிவிடும். சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. அவருக்கு உண்மையாகவே அப்படித் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது.

இரண்டாவது, எண்ணிக்கையும் வகையும். இருபது யோசனைகள் வந்தாலும் இருபதும் ஒரே திசையில் போனால் அது ஒரு யோசனைதான். மூன்றாவது, ஒருவர் சொன்னதைப் பிடித்து இன்னொருவர் வளர்க்க வழி இருக்கிறதா என்பது. இதற்கு இடமில்லை என்றால் கூடி உட்கார வேண்டிய அவசியமே இல்லை. நான்காவது, தேர்வு. எது நிற்கும், எது போகும் என்று முடிவெடுக்க அந்த முறை உதவுகிறதா? ஐந்தாவது, செலவு. ஆறு பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அது பன்னிரண்டு மணி நேர வேலை. அதோடு முன்தயாரிப்பு, பின்வேலை, சில சமயம் மனக்கசப்பு.

ஒப்பிட வசதியாக ஒரே வேலையை எல்லா முறைகளுக்கும் கொடுத்துப் பார்ப்போம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லும் ஒரு விழிப்புணர்வு விளம்பரத் தொடர் செய்ய வேண்டும். குழுவில் ஆறு பேர்: ஒரு கிரியேட்டிவ் டைரக்டர், விளம்பர வாசகங்களை எழுதும் இரண்டு காப்பிரைட்டர்கள், இரண்டு ஓவியர்கள், சேர்ந்து மூன்று மாதமே ஆன ஓர் இளம்பெண்.

எந்த முறையை எடுத்தாலும் ஒரு நிபந்தனை உண்டு. கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும். “மக்களிடம் விழிப்புணர்வை எப்படி உண்டாக்குவது?” என்று கேட்டால் சுவரொட்டி, குறும்படம், பிரபலங்களை வைத்து ஒரு பாட்டு என்று வழக்கமான பட்டியல்தான் வரும். “காலை ஏழு மணிக்கு வண்டி வரும்போது, சமையலும் பள்ளிக்கூட அவசரமுமாக இருக்கிற வீட்டில், இரண்டு வாளியாகப் பிரித்து வைப்பது கூடுதல் வேலை இல்லை என்று எப்படிக் காட்டுவது?” என்று கேட்டுப் பாருங்கள். அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சமையலறையை நினைக்கத் தொடங்குவார்கள். கேள்வி மங்கலாக இருந்தால் இனி சொல்லப்போகும் ஐந்து முறைகளில் எதுவும் கைகொடுக்காது.

## முறை 1: வாய்விட்டுப் பேசும் கூட்டம்

பிரெயின்ஸ்டார்மிங் என்று உலகம் முழுக்க அறியப்பட்டது இதுதான். பிபிடிஓ என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான அலெக்ஸ் ஆஸ்பர்ன், 1939 முதல் தன் அலுவலகத்தில் இதை நடத்தினார். 1953-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். விதிகள் நான்கு: யாரையும் விமர்சிக்காதீர்கள், கட்டற்று யோசியுங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள், பிறர் யோசனையோடு உங்களுடையதைச் சேர்த்து வளருங்கள். இப்படிக் குழுவாக யோசித்தால் ஒருவருக்குத் தோன்றும் யோசனைகள் இரண்டு மடங்காகும் என்பது ஆஸ்பர்னின் நம்பிக்கை.

1958-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் டெய்லரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்தார்கள். நான்கு பேரைக் கூட்டி உட்காரவைத்து வந்த யோசனைகளையும், நான்கு பேரைத் தனித்தனியே யோசிக்கவிட்டு, ஒரே மாதிரியானவற்றைக் கழித்துச் சேர்த்த யோசனைகளையும் எண்ணினார்கள். தனித்தனியே யோசித்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்த பல ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன.

ஏன் என்பதை 1987-இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் டீலும் வொல்ஃப்காங் ஸ்ட்ரோபெவும் காட்டினார்கள். தனித்தனி அறைகளில் ஆட்களை உட்காரவைத்து, போக்குவரத்து சிக்னல் போல விளக்குகளைப் பொருத்தினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்களுக்குச் சிவப்பு, காத்திருக்க வேண்டும். யாருடைய முகமும் தெரியாத, தனியறையிலேயே இருந்த அந்த ஆட்களின் யோசனைகள், காத்திருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்தால் வெகுவாகக் குறைந்தன. கூச்சமும் சோம்பலும் உண்டுதான். ஆனால் பெரும் சேதத்தைச் செய்தது முறைக்காகக் காத்திருப்பதுதான். கணக்கும் எளிது. ஆறு பேர் ஒரு மணி நேரத்தைச் சமமாகப் பங்கிட்டாலே ஒருவருக்குப் பத்து நிமிடம். மீதி ஐம்பது நிமிடம் தன் யோசனையைப் பிடித்துவைத்துக்கொண்டு அடுத்தவர் பேசுவதைக் கேட்க வேண்டும். இரண்டையும் மனித மூளை ஒரே நேரத்தில் ஒழுங்காகச் செய்வதில்லை.

அப்படியானால் இதைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. கலிஃபோர்னியாவில் ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் கூட்டங்களைக் கவனித்து ராபர்ட் சட்டனும் ஆண்ட்ரூ ஹார்கடனும் 1996-இல் எழுதிய ஆய்வு முக்கியமானது. எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் கூட்டம் தோற்றதாகத் தெரியும். ஆனால் அதே கூட்டத்தில் பழைய வேலைகளின் அனுபவம் புதியவர்களுக்குக் கைமாறுகிறது, யாருக்கு என்ன தெரியும் என்று ஒருவருக்கொருவர் தெரிந்துகொள்கிறார்கள், வாடிக்கையாளருக்கும் நம்பிக்கை பிறக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். அது வெறும் ஆறுதல் இல்லை. நல்ல குழுக்கள் இப்படித்தான் உருவாகின்றன. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐடியோவில் இருந்தவர்கள் இதையே தொழிலாகப் பழகியவர்கள், நெறிப்படுத்துகிறவரும் கூடவே இருந்தார். மாதம் ஒருமுறை, யாரும் நெறிப்படுத்தாமல் கூடும் குழுவுக்கு அந்தப் பலன் கிடைத்துவிடாது.

இதன் மறைமுகச் செலவு, கூட்டம் தரும் திருப்திதான். சத்தமும் சிரிப்புமாகக் கழிந்த இரண்டு மணி நேரம் பெரிதாக எதையோ சாதித்துவிட்ட உணர்வைத் தரும். பிறர் சொன்னதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிடுகிறோம். அதனால் கூட்டத்தின் முடிவில் “எப்படி இருந்தது?” என்று கேட்டு முறையை எடைபோடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து எந்த யோசனை உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள்.

குழு சிறியதாக, மூன்று பேர் வரை இருந்தால் இது பொருந்தும். ஒருவரையொருவர் நன்கு தெரிந்தவர்களாக, பதவி வித்தியாசம் பெரிதாக இல்லாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. புதிதாகச் சேர்ந்த குழு பழகிக்கொள்ளவும் நல்லது. குப்பை விளம்பரத்துக்கு ஆறு பேரோடு இதை மட்டும் நம்பி இறங்க மாட்டேன்.

## முறை 2: எழுதிச் சுற்றும் தாள்

ஜெர்மனியில் பெர்ன்ட் ரோர்பாக் 1968-இல் அறிமுகம் செய்த முறை. 6-3-5 என்று பெயர்: ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். ஒவ்வொருவரிடமும் ஒரு தாள். அதில் மூன்று நெடுவரிசை, ஆறு படுக்கைவரிசை. ஐந்து நிமிடத்தில் முதல் வரிசையின் மூன்று கட்டங்களை நிரப்பி, தாளைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் மேலே உள்ளதைப் படித்து, அதை வளர்த்தோ புதிதாகவோ இரண்டாம் வரிசையை நிரப்புவார். ஆறு சுற்று, முப்பது நிமிடம், ஒரு வார்த்தை பேசாமல். தாளுக்குப் பதினெட்டு வீதம் 108 கட்டங்கள்.

நம் உதாரணத்தில் ஒரே ஒரு நெடுவரிசையைப் பாருங்கள். ஒரு காப்பிரைட்டர் மேல் கட்டத்தில் “குப்பை வண்டியில் ஒலிக்கும் பாட்டை மாற்றலாம்” என்று எழுதுகிறார். சுமாரான யோசனை, வாய்விட்டுச் சொல்லியிருந்தால் “பாட்டு ஏற்கெனவே இருக்கிறதே” என்று அங்கேயே முடிந்திருக்கும். அடுத்தவர் அதன் கீழே, “பாட்டு வேண்டாம், வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரின் குரலே வரட்டும்” என்று எழுதுகிறார். மூன்றாவதாகத் தாள் அந்த இளம்பெண்ணிடம் வருகிறது. “குரல் எங்கள் தெருவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.” நான்காவதாக ஓவியர் எழுதவில்லை, ஒரு கதவும், வாசலில் இரண்டு வாளிகளும், கதவில் ஒரு சிறிய பச்சை ஸ்டிக்கரும் வரைகிறார். ஐந்தாவது கட்டம் தெருவின் பெயரையும் ஸ்டிக்கரையும் சேர்க்கிறது: “நேற்று இந்தத் தெருவில் எத்தனை வீடு பிரித்துக் கொடுத்தது என்று வண்டி அறிவிக்கட்டும்.” ஆறாவது: “ஐம்பது வீட்டைத் தொட்ட தெருவுக்கு மறுநாள் அந்தத் தெருப் பிள்ளைகள் பாடிய பாட்டு.” பாட்டில் தொடங்கி, முற்றிலும் வேறான ஒரு பாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இந்த வளர்ச்சியில் மூன்றாம் கட்டம் இல்லாவிட்டால் ஐந்தாவதும் இல்லை. அந்தக் கட்டத்தை எழுதியவர் வாய்ப்பேச்சுக் கூட்டத்தில் பேசியிருக்கவே மாட்டார்.

இந்த முறையை நான் விரும்புவதற்கு இதுவே காரணம். காத்திருப்பு இல்லை, கூச்சமும் பாதி குறைகிறது, ஆனாலும் யோசனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன.

செலவுகளும் உண்டு. 108 என்பது கட்டங்களின் எண்ணிக்கை. யோசனைகளின் எண்ணிக்கை இல்லை. ஒரே யோசனை நான்கு தாளில் வரும், கடைசிச் சுற்றுகளில் சோர்ந்துபோய் எதையோ எழுதி நிரப்புவார்கள். கூட்டம் முடிந்தபின் யாராவது ஒருவர் உட்கார்ந்து தாள்களைப் படித்து, ஒத்தவற்றைச் சேர்த்து, வகைபிரித்தாக வேண்டும். அந்த வேலைக்கு ஆளும் நேரமும் ஒதுக்காத குழுவில் தாள்கள் அலமாரிக்குப் போய்விடும். பேசிப் பேசியே யோசிக்கிறவர்களுக்கு இந்த முப்பது நிமிட மௌனம் தண்டனை போலத் தோன்றும். அவர்களில் சிலர் குழுவின் மிகச் சிறந்த மூளைகளாக இருக்கலாம். கையெழுத்தை வைத்து இது யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவதால் பெயர் தெரியாத பாதுகாப்பும் முழுமையாகக் கிடைக்காது. தமிழில் எழுதத் தயங்குகிறவர்கள் இருந்தால், எந்த மொழியிலும் எழுதலாம், வரையலாம், எழுத்துப்பிழையை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஐந்து நிமிடம் என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே எழுதியிருப்பதைப் படிக்கவே நேரம் பிடிக்கும் கடைசிச் சுற்றுகளுக்கு ஏழு நிமிடம் கொடுங்கள். நான்கு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் நான்கு சுற்றோடு நிறுத்துங்கள்.

## முறை 3: தனியே எழுதி, வரிசையாகச் சொல்லி, ஓட்டுப் போடுவது

1970-களின் தொடக்கத்தில் ஆண்ட்ரே டெல்பெக்கும் ஆண்ட்ரூ வான் டி வெனும் அமெரிக்காவில் வகுத்த முறை. நான்கு படிகள். ஒவ்வொருவரும் மௌனமாக எழுதுகிறார்கள். பிறகு வட்டமாக, ஆளுக்கு ஒன்று என்று யோசனைகளைச் சொல்ல, பலகையில் ஏறுகின்றன. இந்தக் கட்டத்தில் விவாதம் கிடையாது. எல்லாம் ஏறியபின் ஒவ்வொன்றையும் புரிந்துகொள்வதற்காக மட்டும் கேள்வி கேட்கிறார்கள். கடைசியில் ரகசியமாக வரிசைப்படுத்தி மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள்.

நான்காவது அளவுகோலான தேர்வில் ஐந்து முறைகளிலும் இதற்குத்தான் தெளிவான பதில் இருக்கிறது. கூட்டம் முடியும்போது கையில் ஒரு வரிசைப் பட்டியல் இருக்கும். பேச்சுத்திறமை உள்ளவர் ஜெயிப்பதும் குறையும், ஏனென்றால் ஓட்டு ரகசியம்.

ஆனால் படைப்பு வேலையில் ஓட்டு ஒரு ஆபத்தான கருவி. எல்லோருக்கும் ஓரளவு பிடித்த யோசனை ஜெயிக்கும். இரண்டு பேர் உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கிற, நான்கு பேருக்குப் புரியாத யோசனை தோற்கும். நினைவில் நிற்கும் விளம்பரங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையிலிருந்தே வருகின்றன. எரிக் ரீட்செல், பெர்னார்ட் நெய்ஸ்டாட், ஸ்ட்ரோபெ ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. தனியே யோசித்தவர்கள் குழுவாக யோசித்தவர்களைவிட அதிகமான, அசலான யோசனைகளைத் தந்தார்கள். ஆனால் அவற்றிலிருந்து சிறந்தவற்றைப் பொறுக்கச் சொன்னபோது, அவர்கள் தேர்ந்தெடுத்தவை மற்றவர்களுடையதைவிட மேலானவையாக இல்லை. யோசனை கூடியதன் பலன் தேர்வில் கரைந்துபோனது.

ஆகவே இந்த முறையை எடுக்கிறவர்கள் ஒரு திருத்தம் செய்துகொள்வது நல்லது. ஓட்டோடு சேர்த்து, ஆளுக்கு ஒரு பிடிவாத உரிமை கொடுங்கள். பட்டியலில் கடைசியில் வந்தாலும், ஒருவர் தனக்குப் பிடித்த ஒரு யோசனையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அதற்கான மாதிரியை அவரே செய்துகாட்ட வேண்டும். வேலை செய்யத் தயாராக இருக்கும் அளவுக்கு நம்புகிறவர்கள் மட்டும்தான் இதைப் பயன்படுத்துவார்கள்.

பல துறைகளைச் சேர்ந்தவர்கள் கூடும்போது இது நல்ல தேர்வு. நம் உதாரணத்தில் விளம்பரக் குழுவோடு மாநகராட்சி அதிகாரி ஒருவர், குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருவர், தூய்மைப் பணியாளர்களின் மேற்பார்வையாளர் ஒருவர் என்று உட்கார்ந்தால் நான் யோசிக்காமல் இதையே எடுப்பேன். அந்த அறையில் பேச்சை அவிழ்த்துவிட்டால் அதிகாரி மட்டும்தான் பேசுவார்.

## முறை 4: வாதிட்டுச் செதுக்கும் கூட்டம்

விமர்சிக்காதே என்பது ஆஸ்பர்னின் முதல் விதி. அதை நேரடியாகச் சோதித்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்லன் நெமெத். 2004-இல் வெளியான அவருடைய ஆய்வில் அமெரிக்காவிலும் பிரான்சிலும் குழுக்களுக்குப் போக்குவரத்து நெரிசலைக் குறைக்கும் வேலை கொடுக்கப்பட்டது. சிலருக்கு விமர்சிக்கக் கூடாது என்ற விதி. சிலருக்கு வாதிடுங்கள், மறுத்துப் பேசுங்கள் என்ற ஊக்கம். வாதிட்டவர்களே அதிக யோசனைகளைத் தந்தார்கள்.

தமிழ்த் திரையுலகுக்கு இது செய்தியே இல்லை. கோடம்பாக்கத்தில் கதை விவாதம் என்று தலைமுறைகளாக நடப்பது இதுதான். இயக்குநர் ஒரு கதையோடு வருகிறார். உதவி இயக்குநர்கள், வசனகர்த்தா, நண்பர்கள் சிலர் ஓர் அறை எடுத்து வாரக்கணக்கில் உட்காருகிறார்கள். ஒரு காட்சியைச் சொன்னதும் “அவன் ஏன் அப்போதே போலீசுக்குப் போகவில்லை?” என்று யாராவது மடக்குவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகையில் இடைவேளைக் காட்சி கிடைக்கும். இங்கே மறுப்பு யோசனையைக் கொல்வதில்லை. ஓட்டையைக் காட்டி, அடைக்கவும் வைக்கிறது. அது வேலை செய்வதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. விவாதிக்க ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. வெறும் தாளிலிருந்து யாரும் தொடங்கவில்லை. கடைசி முடிவு யாருடையது என்பதிலும் அறையில் யாருக்கும் சந்தேகமில்லை.

இந்த இரண்டும் இல்லாத குழு வாதத்தில் இறங்கினால் சிதறிவிடும். யோசனை இன்னும் முளைவிடாத நிலையில் வாதம் தொடங்கினால் எல்லாமே ஓட்டையாகத்தான் தெரியும்.

மறைமுகச் செலவுகளில் முதலாவது காலம். விவாதம் முடிய வேண்டிய இடத்தில் முடியாது. எல்லைக்கோடு போட வேண்டும். இரண்டாவது மிக வேதனையானது: இந்த யோசனை யாருடையது? வாய்மொழியாகவே நடக்கும் விவாதத்தில் உதவி இயக்குநர் சொன்ன ஒரு திருப்பம் படத்தின் உயிராக மாறலாம். திரையில் அவர் பெயர் கூட்டத்தோடு கூட்டமாக வரும். கதை உரிமைப் புகார்கள் எழுத்தாளர் சங்கத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போவதைத் தமிழ் வாசகர்கள் செய்திகளில் படித்தே வருகிறார்கள். விவாதத்துக்கு முன்பே தேதியிட்டு எழுதிய குறிப்பும், அன்றன்றைக்கு யார் எதைச் சொன்னார் என்று பதிந்துவைக்க ஓர் ஆளும் இருந்தால் பாதிப் பிரச்சினை எழாது. இளையவர்களின் உழைப்புக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மரியாதையும் அதுதான். மூன்றாவது செலவு, காயம். மறுத்துப் பேசினால் மறுநாள் முகம் கொடுத்துப் பேசாத பழக்கம் உள்ள குழுவில் இதைத் தொடங்கவே கூடாது.

திரைக்கதை, நீண்ட தொடர், நாவலைத் தொடராக்குவது போன்ற, காரணகாரியம் முக்கியமான வேலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. நம் குப்பை விளம்பரத்தில், தேர்ந்தெடுத்த இரண்டு யோசனைகளை வைத்துக்கொண்டு “வண்டி தாமதமாக வந்தால் என்ன ஆகும்?”, “எந்த வீடு பிரிக்கவில்லை என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடாதா?” என்று மடக்குவதற்கு இதையே எடுப்பேன். அந்த இரண்டாவது கேள்வி ஒன்றே, யாரையும் அவமானப்படுத்தாத விதத்தில் விளம்பரத்தை மாற்றிவிடும்.

## முறை 5: திரை வழியாக

இதில் இரண்டு வேறுபட்ட விஷயங்களை மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். வீடியோ அழைப்பில் கூடிப் பேசுவது ஒன்று. பகிர்ந்துகொண்ட ஆவணத்திலோ இணையப் பலகையிலோ எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்வது இன்னொன்று.

தட்டச்சு முறை எழுதிச் சுற்றும் தாளின் உறவுக்காரன். 1990-களின் தொடக்கத்தில் பிரென்ட் கலூப்பும் சகாக்களும் கணினி வழிக் கூட்டங்களைச் சோதித்தபோது, குழு பெரிதாகப் பெரிதாக இதன் பலன் கூடியது. பன்னிரண்டு பேர் வாய்விட்டுப் பேசினால் சந்தை. பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் தட்டச்சினால் யாரும் யாரையும் தடுப்பதில்லை. பெயரை மறைக்க முடிந்தால் பதவியும் மறைகிறது.

வீடியோ அழைப்பின் கதை வேறு. மெலனி பிரக்ஸும் ஜோனதன் லெவாவும் 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, ஆய்வுக்கூடத்திலும் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பொறியாளர்களிடமும் நடந்தது. நேரில் உட்கார்ந்த ஜோடிகளைவிட வீடியோவில் பேசிய ஜோடிகள் குறைவான யோசனைகளைத் தந்தார்கள். காரணமாக அவர்கள் காட்டியது பார்வையை: திரையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கண் அலைவதில்லை, கண்ணோடு சேர்ந்து சிந்தனையும் குறுகிவிடுகிறது. யோசனைகளிலிருந்து நல்லதைத் தேர்ந்தெடுப்பதிலோ வீடியோ ஜோடிகள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை.

சென்னையில் மூன்று பேர், கோவையில் இரண்டு பேர், வீட்டிலிருந்து ஒருவர் என்று சிதறியிருக்கும் குழுவுக்கு இதிலிருந்து நேரடியான வழி கிடைக்கிறது. யோசனைகளை ஆவணத்தில் எழுதிச் சேருங்கள். வீடியோவைத் தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் அறையிலும் இரண்டு பேர் திரையிலுமாக இருக்கும் கலப்புக் கூட்டம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. திரையில் இருப்பவர்கள் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். அப்படி வந்தால் அறையில் இருப்பவர்களும் ஆளுக்கொரு கணினியோடு எழுதட்டும்.

## ஒரே பார்வையில்

| முறை | இளையவர் குரல் | எண்ணிக்கை, வகை | வளர்த்தெடுப்பது | தேர்வு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| வாய்விட்டுப் பேசுவது | பலவீனம் | குறைவு | நல்லது, நெறிப்படுத்துபவர் இருந்தால் | இல்லை | சாதித்துவிட்டதாகத் தோன்றும் திருப்தி |
| எழுதிச் சுற்றும் தாள் | மிக நல்லது | மிக அதிகம் | மிக நல்லது | இல்லை | தாள்களைப் படித்து வகைபிரிக்கும் வேலை |
| எழுதி ஓட்டுப் போடுவது | நல்லது | அதிகம் | சுமார் | தெளிவு | நடுத்தரமான யோசனை ஜெயிப்பது |
| வாதிடுவது | குழுவைப் பொறுத்தது | நடுத்தரம் | ஆழமானது | ஒருவர் கையில் | காலம், காயம், உரிமைச் சிக்கல் |
| ஆவணத்தில் தட்டச்சு | மிக நல்லது | அதிகம், பெரிய குழுவில் | சுமார் | தனியாகச் செய்ய வேண்டும் | படிக்காமலேயே எழுதிக்கொண்டு போவது |

## எதை எப்போது எடுப்பது

யோசனைகள் வாய் திறக்கப்படாமலேயே சாகின்றன என்றால் எழுதிச் சுற்றும் தாளை எடுங்கள். கிரியேட்டிவ் டைரக்டரும் தாள் எழுதலாம், ஆனால் முதல் சுற்றில் அவருடைய தாள் போகும் திசையில் கடைசி ஆளாக இளையவர் இருக்கட்டும். குழு எட்டுப் பேருக்கு மேல் என்றால் ஆவணத் தட்டச்சு. யோசனைகள் நிறைய வருகின்றன, எதையும் முடிவெடுக்க முடியவில்லை என்றால் உங்களுக்குத் தேவை மூன்றாம் முறை. ஒரே ஒரு நல்ல யோசனை கையில் இருக்கிறது, ஆனால் நிற்குமா என்று தெரியவில்லை என்றால் வாதம். குழு புதிது, யாருக்கும் யாரையும் தெரியாது என்றால் எண்ணிக்கையை மறந்துவிட்டு ஒரு நாள் வாய்விட்டுப் பேசுங்கள்.

பெரும்பாலான ஆறு பேர் குழுக்களுக்கு ஒரே முறை போதாது. என் பரிந்துரை இரண்டு நாளாகப் பிரிப்பது. முந்தைய நாளே கேள்வியை அனுப்பிவிடுங்கள். முதல் அமர்வில் முப்பது முதல் நாற்பது நிமிடம் தாளில் எழுதிச் சுற்றுங்கள். பிறகு அரை மணி நேரம் தாள்களைச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டே படித்து, பேசுங்கள். பேசியே யோசிக்கிறவர்களுக்கு அந்த அரை மணி நேரம் போதும். தேர்வைத் தொடாமல் கலைந்துவிடுங்கள். ஆஸ்பர்னேகூடக் குழுவாக யோசிப்பதற்கு முன்னும் பின்னும் தனியே யோசிக்க வேண்டும் என்றுதான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். அன்றிரவு யாருக்காவது ஒன்று தோன்றினால் காலையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் நாற்பது நிமிடத் தேர்வு அமர்வு: ஓட்டு, பிடிவாத உரிமை, மிஞ்சிய இரண்டு மூன்று யோசனைகள் மீது வாதம். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் கடைசியில்தான் பேச வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடிக்க முடியாத தலைவர் தேர்வு அமர்வுக்கு வராமல், எழுத்தில் பதில் அனுப்புவது நல்லது.

இரண்டு நாளுக்கும் சேர்த்து ஆளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள்தான் ஆகும். வகைபிரிப்பதற்கு ஒருவருக்குத் தனியாக ஒரு மணி நேரம் கணக்கில் வையுங்கள்; அந்த வேலையை எப்போதும் இளையவர் தலையில் கட்டாமல் முறைவைத்து மாற்றுங்கள். தேர்வாகாத தாள்களைத் தேதியும் வேலையின் பெயரும் போட்டு ஒரு கோப்பில் சேருங்கள். எந்த யோசனை ஏன் போனது என்று ஒரு வரி எழுதி, அதை எழுதியவரிடம் அந்த வாரத்துக்குள் நேரில் சொல்லிவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் அவர் தாள் நிறைய எழுதுவாரா, கட்டங்களை வெறுமையாக விடுவாரா என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.